மனச்சோர்வா, இருதுருவ மனநோயா: சோர்வில்லாத நாள்களில் தேடுங்கள்

சோர்ந்து படுத்திருப்பவரை மட்டும் பார்த்து மனச்சோர்வையும் இருதுருவ மனநோயையும் பிரித்தறிய முடியாது. ஏனெனில் 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரமும், எதிலும் நாட்டமின்மையும், தூக்கக் குலைவும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு, அவர் சோர்வின்றி இருந்த நாள்களில்தான் ஒளிந்திருக்கிறது: இருதுருவ மனநோயில் சோர்வோடு, அளவுமீறிய வேகமும் உற்சாகமும் கொண்ட 'மன எழுச்சி'க் காலங்களும் வரும்.

ஆகவே முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். மனச்சோர்வில் தூக்கம் வராதவர் மறுநாள் துவண்டு கிடப்பார். மன எழுச்சியில் இருப்பவரோ 3 மணி நேரமே உறங்கி, விடியுமுன் பரணிலுள்ள பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கிவிட்டு, களைப்பின் சாயலே இல்லாமல், புதுத் தொழில் தொடங்கக் கடன் கேட்டு உறவினர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருப்பார். இத்துடன் இடைவிடாத பேச்சும் கட்டுக்கடங்காத செலவும் எரிச்சலும் சேர்ந்து ஒரு வாரமாவது நீடித்தால் அது முழு எழுச்சி. 4 நாள்களாவது நீடிக்கும் மிதமான வடிவமும் உண்டு. இந்த மிதமான வடிவத்தை நோயாளி பெரும்பாலும் நோயென்றே கருதமாட்டார், 'அப்போதுதான் நன்றாக இருந்தேன்' என்பார். எனவே உடன் வசிப்பவரின் சாட்சியம் இன்றியமையாதது. காலையில் அழுது மாலையில் சிரிப்பது மட்டும் இக்கணக்கில் சேராது.

குடும்பத்தில் எவருக்கேனும் இருதுருவ மனநோய் இருந்ததா என்ற விவரத்தையும், தைராய்டு சோதனை முடிவையும் மனநல மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எழுச்சியைப் பற்றிச் சொல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் வாங்கி உண்டால், சிலருக்கு அதுவே எழுச்சியைத் தூண்டிவிடும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் இந்த ஆராய்ச்சியெல்லாம் பிறகு. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி வழி மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள்.