யூனிகோர்ன் கொம்பு செய்வோம்: அடி வெள்ளை, நடு கறுப்பு, நுனி சிவப்பு

யூனிகோர்ன் (நெற்றியில் ஒற்றைக்கொம்புள்ள கற்பனைக் குதிரை) என்றதும் பிள்ளைகள் கேட்பது வானவில் நிறமும் மினுக்குத் தூளும்தான். அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கற்பனை எந்தெந்த உண்மை மிருகங்களிலிருந்து வந்தது என்று கதைத்துக்கொண்டே கொம்பைச் செய்யலாம். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். வெட்டுவது மட்டும் பெரியவர்கள் வேலை.

கதைக்க வேண்டியவை

கி.மு. 400 அளவில் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த க்டீசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் ஒற்றைக்கொம்புக் காட்டுக் கழுதைகள் உண்டு என்று எழுதினார். இந்தியாவை அவர் கண்டதில்லை, எல்லாம் கேள்விப்பட்டவை. அடியில் வெள்ளை, நடுவில் கறுப்பு, நுனியில் சிவப்பு என்று அவர் சொன்ன கொம்பைத்தான் செய்யப்போகிறோம். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளைக் கண்ட பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு எங்க கொம்பு?" என்ற கேள்வி உடனே வரும்.

சிந்துவெளி முத்திரைகளிலும் ஒற்றைக்கொம்பு மிருகம் இருக்கிறது. வயது 4000 ஆண்டுகளுக்கு மேல். பக்கவாட்டில் வரைந்ததால் ஒரு கொம்பு மற்றதை மறைத்த காளைதான் அது என்பது சிலரின் கருத்து. வன்னியில் பட்டி மாட்டுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு மாட்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்து வரையச் சொல்லுங்கள். எத்தனை கொம்பு தெரிகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஐரோப்பாவில் யூனிகோர்ன் கொம்பு என்று விற்கப்பட்டது ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் பல். மேல்தாடையின் இடப்பக்கப் பல் உதட்டைத் துளைத்து 3 மீற்றர் வரை நீளும். முறுக்கு எப்போதும் இடப்பக்கமாகவே போகும்.

"யூனிகோர்ன் உண்மையா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். கழுதையும் காளையும் திமிங்கிலமும் இருக்கும்போது பிள்ளை ஏமாறாது.

தேவையானவை

வெள்ளை பிறிஸ்டல் போட் 1, பிஸ்கட் பெட்டி மட்டை, வூல் நூல் 60 செ.மீ., பைண்டர் கம், ஸ்டேப்ளர், செலோரேப், கறுப்பு சிவப்பு பஸ்டல், பழைய துணித்துண்டுகள்.

கொம்பு

1. பள்ளிக்கூடக் கவராயம் 18 செ.மீ. விரியாது. ஒரு மட்டைக் கீலத்தின் நுனியில் குண்டூசி குத்தி, அங்கிருந்து 5.5, 11, 16.5, 18 செ.மீ. தூரங்களில் பென்சில் நுழையும் துளை போடுங்கள். ஊசியை போட்டில் ஊன்றி நான்கு வில்களும் வரையலாம்.

2. வெளி வில்லில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து அடிமட்டத்தால் நேராக 18 செ.மீ. அளந்து, வில்லின் மேலேயே அடுத்த புள்ளி வையுங்கள். இரண்டையும் ஊசிப் புள்ளியோடு சேர்த்தால் 60 பாகைத் துண்டு கிடைக்கும், பாகைமானி வேண்டாம்.

3. வெட்டியெடுத்து, கூர்முனையிலிருந்து முதல் பகுதிக்குச் சிவப்பும் அடுத்ததற்குக் கறுப்பும் தீட்டுங்கள். ஒரு நேர்விளிம்பை ஒட்டி, அடியில் 3 செ.மீ. அகலமாகத் தொடங்கி நுனியில் ஒடுங்கும் பகுதியை வெறுமனே விடவேண்டும். பஸ்டலில் மெழுகு இருப்பதால் அதன் மேல் கம் பிடிக்காது. கொம்பு பிரிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

4. வெளி வில்லிலிருந்து 16.5 கோடு வரை, 2 செ.மீ. இடைவெளியில் வெட்டுகள் போடுங்கள்.

5. போட்டை மேசை விளிம்பில் இழுத்து வளைத்த பின், நுனியிலிருந்து சுருட்டி ஒட்டுங்கள். அகன்ற பக்கத்திலிருந்து சுருட்டினால் நுனி மடிந்து நசியும். ஒட்டிய இடத்தை நன்றாகக் காயும்வரை கையால் பிடித்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கம் காய நேரமெடுக்கும். செலோரேப் துண்டு போட்டுவிடுங்கள்.

6. வூலின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை உட்புறமிருந்து நுனித் துளையால் வெளியே இழுத்து, கீழ்நோக்கி ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். முன்னால் தெரியும் கோடு மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கத்துக்கு இறங்கினால் நார்வாலின் முறுக்கு. இறுக்கிச் சுற்றினால் நூல் நுனிப்பக்கம் வழுகும். தளர்வாக விட்டு, சுற்றுக்கு ஒரு துளி கம் வையுங்கள்.

தலைப்பட்டி

புருவத்துக்கு மேலே நூலால் தலையை அளந்து 3 செ.மீ. கூட்டி, 4 செ.மீ. அகலப் பட்டி வெட்டுங்கள். கொம்பின் அடி இதழ்களை வெளியே மடித்து, 8 செ.மீ. விட்டமுள்ள மட்டை வட்டத்தில் ஒட்டி, வட்டத்தைப் பட்டியின் நடுவில் ஸ்டேப்பிள் செய்யுங்கள். பட்டியின் இரு முனைகளையும் பிடரிப்பக்கம் சேர்த்து ஸ்டேப்பிள் செய்யுங்கள். ஊசிக்கால் வெளிப்பக்கம் வரட்டும், மேலே செலோரேப்.

இப்படியே விட்டால் கொம்பின் பாரம் பட்டியை மூக்குக்கு இழுத்துவிடும். நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை இன்னொரு பட்டி போட்டால் நிற்கும். அதே பட்டியில் 2 செ.மீ. அகல, 20 செ.மீ. நீளத் துணிக் கீலங்களைத் தொங்கவிட்டால் பிடரிமயிரும் ஆயிற்று.

காதுக்கு 12 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் இலை வடிவம் இரண்டு வெட்டி, அடியை ஒரு மடிப்பு மடித்துப் பட்டியின் இருபக்கமும் பொருத்துங்கள். குதிரைக் காது கழுதைக் காதைவிடச் சின்னது. க்டீசியாஸ் சொன்னது கழுதையை என்பதால் நீளம் குறைக்க வேண்டாம். போட்டபின் பிள்ளையைக் குனிந்து நிமிரச் சொல்லுங்கள். பட்டி வழுகினால் பிடரியில் உள்ள ஸ்டேப்பிளைக் கழற்றி 1 செ.மீ. இறுக்கினால் போதும்.