மிலிட்டரி லாரியைச் சேற்றில் இறக்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் போச்சம்பள்ளி பக்கம் ஒரு ஏரியில் வண்டல் ஓட்ட, ஏலத்தில் எடுத்த மிலிட்டரி லாரியோடு ஒரு தம்பி வந்திருந்தார். லோடோடு வண்டி கரையேறிய அழகைப் பார்த்து எனக்கே விசிலடிக்கத் தோன்றியது. அப்புறம் மனுஷன், முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்ன லிவரை விடுவிக்காமலே தார் ரோட்டில் ஏறி மத்தூர் பக்கம் வண்டியைத் திருப்பினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து! பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டிப் போய் நிறுத்தினேன்.

சக்கரம் சுற்றச் சுற்ற ஆக்சிலேட்டரை மிதித்துக் குழி பறிப்பது, மழை வரும் நேரத்தில் ஏரிக்குள் இறங்குவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை மாட்டினால் தானாகவே புத்தி வந்துவிடும்.

கடப்பாரை இல்லாமல் போவது

ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கத்துச் செம்மண் காட்டில் பெரும்பாலும் மேலே நாலு விரல் வழவழவென்று இருக்கும், அடியில் கெட்டி. அங்கே பயப்படாமல், வேகத்தை மாற்றாமல் போய்க்கொண்டே இருக்கலாம், டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் கெட்டித் தரையைப் பிடித்துவிடும். ஏரி மண் அப்படி இல்லை. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து, கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கும். கீழே களி. கடப்பாரையைச் சும்மா நட்டுவைத்துக் கையை எடுங்கள். தன் கனத்திலேயே முழங்கால் ஆழத்துக்கு இறங்கினால் அந்தப் பக்கம் வண்டியைக் காட்டாதீர்கள், எத்தனை சக்கரம் இழுத்தாலும் சரி.

ஜீப் வீடியோ பார்த்துக் காற்றை இறக்குவது

ஜீப்காரர்கள் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டுச் சேற்றில் ஓட்டுவதைப் பார்த்து நம் ஆட்களும் செய்கிறார்கள். கொஞ்சம் குறைத்தால் நல்லதுதான், டயர் அகலமாகப் படியும். ஆனால் பழைய மிலிட்டரி லாரியில் பெரும்பாலும் டியூப் டயர். காற்று ரொம்பக் குறைந்தால், லோடில் இழுக்கும்போது டயரும் டியூபும் ரிம்மை விட்டு நகரும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு கழுத்தோடு அறுந்துவிடும். சேற்றுக்கு நடுவில் லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

பின்னால் இரட்டை டயர் மாட்டுவது

வேண்டாம். முன்சக்கரம் வெட்டிய தடத்திலேயே பின்சக்கரமும் போகட்டும் என்றுதான் பல மிலிட்டரி வண்டிகளுக்குப் பின்னாலும் ஒற்றை டயர்.

முன் ஆக்சிலைப் போட்டபடியே தார் ரோட்டில் ஏறுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் 'நாலு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே அண்ணா' என்கிறார்கள்.

நல்லதில்லை. லிவர் போட்டு முன் ஆக்சிலைச் சேர்க்கிற வண்டிகளில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற டிஃபரன்ஷியல் இல்லை என்றால், லிவர் விழுந்ததும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைக் கொண்டுபோகிற இரண்டு புரப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரம் அகல வட்டம் போடுகிறது. 4 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி ஒரு தெருமுனையில் நேர் திருப்பம் திரும்பினாலே, பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது. அந்த ஒன்றரை மீட்டரும் முறுக்கமாக ஷாஃப்டுக்குள்ளும் பல்சக்கரத்துக்குள்ளும் போய் உட்காரும், ஈரத் துணியைப் பிழிவது போல. நேர் ரோட்டில் போனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். முன்னால் புது டயர், பின்னால் 1 சென்டிமீட்டர் தேய்ந்த டயர் என்றால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 20 மீட்டர் வித்தியாசம் வரும்.

என் வண்டி சக்திமான் என்கிற பழைய மிலிட்டரி லாரி. அன்றைக்கு ஏரியிலிருந்து ஏறி பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். ஸ்டீயரிங் இறுகியது, திருப்பத்தில் வண்டி பிடித்து நிறுத்துவது போல முக்கியது. சந்தேகம் வந்து நிறுத்தி லிவரை இழுத்தால் வரவில்லை. கூட வந்த கிளீனர் பையன் 'பைப் போட்டு நெம்பலாம்ண்ணா' என்றான். நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல், பைப்பை நானே பிடித்தேன். உள்ளே, லிவரோடு சேர்ந்து பல்சக்கரத்தைத் தள்ளுகிற ஃபோர்க் வளைந்தது. அது தெரியாமல் கிளப்பி அடுத்த திருப்பத்தைத் திருப்பினேன், 'டக்' என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் சிலுவை மாதிரியான கிராஸ் நாலு துண்டாகக் கிடந்தது.

செலவைவிட அலைச்சல்தான் பெரிது. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் செய்த வண்டி, 1996-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. கிராஸ் எப்படியோ கிடைத்தது. ஃபோர்க்குக்காகப் பழைய இரும்புக் கடை கடையாக சேலம்வரை ஏறி இறங்கினேன், வண்டி ஒன்றரை மாதம் பட்டறையில் நின்றது.

லிவர் மாட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள். நேராக வைத்துப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், மெதுவாக நகரும்போதே லிவரை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையா, ஒரு பக்கச் சக்கரங்களை ரோட்டோர மண்ணில் இறக்கிக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்க வேண்டும். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு. பட்டறையில் இன்னொரு வண்டிக்கு இப்படித் தூக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தரையை விட்டு ஒரு விரல் எழும்பியதும் அந்தச் சக்கரம் யாரும் தொடாமல் விருட்டென்று சுற்றி நின்றது. உள்ளே இருந்த முறுக்கம் அவ்வளவு. அந்த நேரத்தில் கையையோ காலையோ டயர் பக்கம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பிக்கு ரிவர்ஸிலேயே லிவர் வந்துவிட்டது. அவருடைய அதிர்ஷ்டம்.

பாடி காலியாக இருக்கிறதே என்று ஏற்றுவது

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஈர வண்டல் என்றால் அதுவே சுமார் 5 டன். மிச்ச இடம் காலியாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பிரேக்கை மறப்பது

சேற்றிலிருந்து ஏறியதும் டிரம்முக்குள் களி அப்பியிருக்கும். ரோட்டில் வேகம் எடுப்பதற்கு முன் மெதுவாக உருட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துப் பாருங்கள், நாலு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும்வரை. அஞ்செட்டி மலை இறக்கத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சாயங்காலம் தண்ணீர் அடித்துக் கழுவும்போது டயரை மட்டும் பளபளப்பாக்கிவிட்டுப் போகாமல் டிரம்முக்குப் பின்பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள், கிளீனர் முனகுவான்.