எந்தப் படி என்று முதலில் கேளுங்கள்

பாட்டி எழுதிவைத்த சமையல் குறிப்பிலோ பழைய குத்தகைச் சீட்டிலோ படி, ஆழாக்கு, கலம் என்று வந்தால் பலரும் உடனே ஓர் அட்டவணையைத் தேடிப் போகிறார்கள். ஒன்றில் படி 1.3 லிட்டர் என்றிருக்கும். மற்றொன்றில் ஒன்றரை லிட்டருக்கும் மேல். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு படி இருந்தது. நான் கும்பகோணத்துப் பக்கம், நெல் அளக்கும் களத்தைப் பார்த்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

அளவுகளுக்குள் இருக்கும் உறவை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதற்குமேல் படிவரை எல்லாம் இரட்டிப்புத்தான்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியைத்தான் நாம் படி என்கிறோம். ஆகவே உரி என்றால் அரைப்படி, உழக்கு என்றால் கால்படி, ஆழாக்கு என்றால் அரைக்கால் படி. மேலே போனால் எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குறுணியின் இன்னொரு பெயர்தான் மரக்கால். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால்.

இந்த வாய்பாட்டை வைத்துக்கொண்டு தஞ்சைப் பத்திரத்தைப் படித்தால் தவறிவிடுவீர்கள். வாய்பாட்டின்படி கலம் என்பது 96 படி. எங்கள் பக்கத்துக் குத்தகைக் கணக்கில் வரும் கலமோ 24 பட்டணம் படிதான் (பட்டணம் படி என்பது சென்னைப் பட்டணத்தில் புழங்கிய பெரிய படி). அங்கே புழங்கியது சிறிய மரக்கால். இரண்டு பட்டணம் படி பிடிக்கும். அந்தக் கலத்தை நெல்லாக நிறுத்தால் 29 கிலோவை ஒட்டி வரும்; இரண்டு கலம் ஒரு மூட்டை. பன்னிரண்டு மரக்கால் என்ற உறவு அப்படியே நிற்க, மரக்கால் மட்டும் சிறுத்துவிட்டது. தாத்தாவின் சீட்டில் 'பத்துக் கலம்' என்று கண்டால் எந்த மரக்காலால் அளந்தார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்த பிறகே பெருக்குங்கள்.

சோழர்கள் இதில் மிகக் கவனமாக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லின் அளவைச் சொல்லும் இடத்தில், ராஜகேசரி என்னும் அளவையோடு ஒக்கும் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். வெறும் கலம் என்று விட்டால் பின்னால் வழக்கு வரும் என்று அறிந்தவர்கள். அந்தத் துல்லியத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது உங்கள் வீட்டுப் படிக்கு வருவோம். பரணில் பித்தளைப் படியோ இரும்புப் படியோ கிடந்தால் அதுவே உங்கள் அட்டவணை. சமையலறைத் தராசில் வெறும் படியை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைத்து, நீங்கள் புழங்கும் அரிசியை நிரப்பித் தலைதட்டி நிறுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் இடத்தில் அரிசி ஏறத்தாழ 800 கிராம் வரும். நெல் உமியோடு இருப்பதால் 600 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் 'ஒரு படி இத்தனை கிலோ' என்று பொதுவாகச் சொல்வது செல்லாது. எந்தத் தானியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிரப்பும் விதத்திலும் கணக்கு மாறும். தலைதட்டி அளப்பது என்றால் விளிம்புக்கு மேல் இருப்பதைக் கையாலோ கோலாலோ வழித்துவிடுவது. கூம்பாகக் குவித்து அளந்தால் அதே படியில் கணிசமாகக் கூடுதல் பிடிக்கும். குலுக்கினால் இன்னும் கூடும். களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, 'இரண்டு' என்று தொடர்வார். நானும் வீட்டில் அரிசி அளக்கும்போது அப்படித்தான் தொடங்குகிறேன்.

சமையல் குறிப்பில் எல்லாமே ஆழாக்கில் இருந்தால் மாற்றவே வேண்டாம். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்பதை எந்தக் கிண்ணத்தால் அளந்தாலும் இட்லி வரும். முகத்தலளவையும் நிறுத்தலளவையும் ஒரே வரியில் கலந்து வரும் இடத்தில்தான் படியின் அளவு தெரிந்தாக வேண்டும். எங்கள் வீட்டு அதிரசக் குறிப்பு 'படி பச்சரிசிக்கு முக்கால் வீசை வெல்லம்'. மூன்று தோலா ஒரு பலம், அதாவது 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. முக்கால் வீசை வெல்லம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பட்டணம் படியில் அரிசி 1.3 கிலோவை ஒட்டி வருவதால் இது சரியாக இருக்கும். அதில் பாதி பிடிக்கும் சின்னப்படியால் அரிசியை அளந்துவிட்டு இதே வெல்லத்தைப் போட்டால் மாவு இளகி, எண்ணெயில் பிரிந்துபோகும்.

காய்கறி, புளி, வெல்லம் எல்லாம் வீசையிலும், எட்டு வீசை கொண்ட மணங்கிலும் நிறுக்கப்பட்டவை. இவற்றை மாற்றுவது எளிது. ஒரு மணங்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். வாழைத்தார், சீப்பு, கீரைக்கட்டு, சந்தையில் கூறுகட்டி வைக்கும் கத்தரிக்காய் ஆகியவற்றுக்குக் கிலோக் கணக்கு தேட வேண்டாம். அவை பார்த்து வாங்கும் அளவுகள். வெற்றிலைக் கவுளி பொதுவாக நூறு இலை என்றாலும் ஊருக்கு ஊர் மாறும், கேட்டு வாங்குங்கள்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவுகள் படிப்படியாக வந்து, படியும் வீசையும் கடைகளை விட்டு விலகின. குறிப்புகளை எழுதிய பெண்களில் பலர் பழைய படியையே கடைசிவரை புழங்கினார்கள். ஆகவே குறிப்பேட்டைப் படியெடுக்கும்போது 'ஒரு படி' என்பதை அழித்து லிட்டர் போடாதீர்கள். அவர் சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் எந்தப் படி, தண்ணீரில் எத்தனை மில்லி, தலைதட்டியதா குவித்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள்.