வடசென்னையில் காத்துக் கிடக்கும் நேரத்தில் பறவை பார்ப்பது எப்படி

பறவை பார்க்க வேண்டும் என்றாலே வேடந்தாங்கல், அது முடியாவிட்டால் பள்ளிக்கரணை, அதுவும் முடியாவிட்டால் கிண்டி என்று ஒரு கணக்கு நம் ஆட்களிடம் இருக்கிறது. மூன்றும் தெற்கே. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருப்பவர் விடிகாலையில் கிளம்பி அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், பறவையும் நிழலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. வடசென்னையில் எது இருக்கிறதோ இல்லையோ, காத்திருப்பு தாராளமாக இருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிறோம், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறோம், தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிறோம். அந்த நேரத்தில் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பாருங்கள். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் காக்கா. சிரிக்காதீர்கள், காக்காவைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் சுலபம். நம் தெருவில் இருப்பது பெரும்பாலும் கழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கும் வீட்டுக் காக்கை. உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து, குரல் இன்னும் கரகரப்பாக இருந்தால் அது அண்டங்காக்கை. இந்த இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கப் பழகுங்கள். அளவு, அலகு, கழுத்து, குரல் என்று நான்கு விஷயங்களைக் கண் தானாகக் கவனிக்க ஆரம்பித்துவிடும், அதே நான்கைத்தான் பிறகு எந்தப் பறவைக்கும் பார்க்கப் போகிறீர்கள்.

அடுத்தது, காக்கா கத்துவதைக் கேட்பது. சும்மா கரைவதற்கும், பத்து இருபது சேர்ந்து ஒரே மரத்தைச் சுற்றிக் கூச்சல் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகைச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். அவை கத்துவதை அல்ல, எதைப் பார்த்துக் கத்துகின்றன என்பதைத் தேடுங்கள். பல நேரம் பூனையாக இருக்கும். சில நேரம் சாரைப்பாம்பு. மார்ச்சுக்கு மேல் என்றால் குயிலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் காக்கா கூடு கட்டும் பருவமும் குயில் அதில் திருட்டுத்தனமாக முட்டையிடும் பருவமும் ஒன்றுதான். ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால் அது குயில் என்றே நிறைய பேருக்குத் தெரியாது. கூட்டுப் பக்கம் ஆண் போய்க் காக்காக்களை வம்புக்கு இழுக்கும், அவை அதைத் துரத்திக்கொண்டு போகும், பெண் அந்த நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும். மே, ஜூனில் மொட்டைமாடி உயரத்தில் கண்ணை ஓட்டினால் காக்கா ஒன்று தன் ஜாடையே இல்லாத ஒரு குஞ்சின் வாயில் சோற்றை ஊட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

அதே கூச்சல் பட்டப்பகலில், பழைய கட்டடத்தின் சன்ஷேடைச் சுற்றிக் கேட்டால் கூகை என்ற ஆந்தையாக இருக்கலாம். இதய வடிவத்தில் வெள்ளை முகம், கண் இரண்டும் கறுப்பு. அபசகுனம் என்று கல் எடுத்து அடிக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அது தின்பது எலியையும் பெருச்சாளிக் குட்டியையும். நம் தெரு இருக்கிற நிலைக்கு ஒரு கூகைக் குடும்பம் வந்து தங்கினால் வாடகை கேட்காமல் இடம் கொடுக்கலாம்.

பருந்துக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடிந்து ஏலம் முடிகிற நேரம் நல்ல நேரம், மீன் கழிவு தண்ணீரில் விழ ஆரம்பித்ததும் மேலே வட்டம் போட ஆரம்பித்துவிடும். இரண்டு வகை சேர்ந்தே வரும். வால் நுனி நடுவில் பிளந்து இருந்தால் கரும்பருந்து. வால் உருண்டையாக முடிந்து, தலையும் மார்பும் வெள்ளையாக, மற்றதெல்லாம் செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே அதுதான். குழப்பம் எங்கே வரும் என்றால், செம்பருந்தின் இளசுக்கு வெள்ளைத் தலை கிடையாது, பழுப்பாகக் கரும்பருந்து மாதிரியே இருக்கும். நிறத்தை மறந்துவிட்டு வாலை மட்டும் பாருங்கள், வால் பொய் சொல்லாது. ஒரு பருந்தை மட்டும் தேர்ந்தெடுத்து அது கீழே இறங்குவதிலிருந்து விடாமல் பின்தொடருங்கள். அலகால் எடுக்காது, காலால்தான் எடுக்கும். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரு கிள்ளு, அப்புறம் மேலே ஏறிக்கொண்டே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து, பறந்தபடியே தின்று முடித்துவிடும். இறங்கி உட்கார்ந்தால் காக்கா பிடுங்கிவிடும் என்பது அதற்குத் தெரியும்.

வழியில் நின்றால் மீன் கூடை தூக்குபவர்களுக்கு இடைஞ்சல், அதனால் ஓரமாக நில்லுங்கள். கேமரா எடுத்துப் போனால் "இன்னா தம்பி, போயும் போயும் பருந்தப் போட்டா புடிக்கிற?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு, கடல் பக்கம் இன்று எது அதிகம் என்று கேளுங்கள், சரியான பதில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கழிவும் குறையும். அந்தச் சமயத்தில் பருந்துகள் எங்கே போகின்றன என்று உங்கள் மொட்டைமாடியிலிருந்து கவனித்துப் பாருங்கள், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் பார்வையைத் திருப்பினால் நல்லது. குளிர்காலத்தில் அதே துறைமுகத்தில் கடற்காகங்களும் (கல்) ஆலாக்களும் (டெர்ன்) சேர்ந்துகொள்ளும். வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகம். பெயரில் இருக்கிற பழுப்புத் தலை கோடை நெருங்கும்போதுதான் வரும், அதற்குள் பெரும்பாலானவை ஊரைக் காலி செய்துவிடும்.

கொக்கு விஷயத்துக்கு வருவோம், அதிகமாகக் குழப்புவது இதுதான். பக்கிங்காம் கால்வாயின் கறுப்புத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறோம், ஆனால் அங்கேதான் அவை நிற்கின்றன. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு இல்லை. அலகும் காலும் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: ஒரு காலை முன்னால் வைத்துச் சேற்றில் வெடவெடவென்று உதறும், அடியில் ஒளிந்திருக்கும் மீனோ புழுவோ கலைந்து ஓடும், உடனே ஒரு குத்து. அலகு மஞ்சளாக, கழுத்து குட்டையாக, மாட்டுக்குப் பின்னாலோ குப்பைமேட்டிலோ சுற்றினால் உண்ணிக்கொக்கு. கோடையில் அதற்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும், வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் விட நன்றாகவே பெரியதாக, கழுத்தை எஸ் மாதிரி வளைத்துத் தனியாக நிற்பது பெரிய கொக்கு. மண் நிறத்தில் கரையோடு கரையாக உட்கார்ந்திருந்து, கிட்டே போனதும் திடீரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தால் மடையான், குருட்டுக்கொக்கு என்று சொல்வதும் அதைத்தான். இருட்டுகிற நேரத்தில் தலைக்கு மேல் "குவாக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் அது வக்கா, நாம் வேலை முடிந்து வரும்போது அது வேலைக்குக் கிளம்புகிறது.

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலைச் சொல்லாமல் வடசென்னையில் பறவை பார்ப்பதைப் பற்றி எழுதவே முடியாது. காலையில் வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். வெயில் கிழக்கிலிருந்து வருவதால் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். வலது பக்கம் உட்கார்ந்தால் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் வரும், அங்கே மட்டும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு கம்பத்தில் உட்கார்ந்திருக்கும். கூழைக்கடா மிதக்கும். நீளமான சிவப்புக் காலோடு, கறுப்புச் சிறகும் வெள்ளை உடம்புமாக நிற்பது பவளக்கால் உள்ளான். மீஞ்சூர் தாண்டினால் வயல், அங்கே கண்ணைக் கம்பிகளில் வையுங்கள். வால் இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான், பறக்கும்போது சிறகில் நீலம் அடித்தால் பனங்காடை.

ரயிலை விட்டு இறங்கிப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகலாம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரத்தில் போங்கள், ஏறும் நேரத்தில் போனால் பறவைகளுக்கு இரை தேட சேறே இருக்காது. வற்றம் எப்போது என்று குப்பத்துக்காரர்களைக் கேட்டால் கடிகாரம் பார்க்காமல் சொல்வார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கே இருந்து வரும் உள்ளான்கள் இங்கே சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும், உள்ளங்கை அளவே இருக்கும் கொசு உள்ளான்கூட. சேற்றிலேயே ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகளையும் பாருங்கள், கிட்டே போனால் வளைக்குள் மறைந்துவிடும், அசையாமல் குந்தினால் வெளியே வந்து அந்தப் பெரிய கையை ஆட்ட ஆரம்பிக்கும். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் இத்தனை வருடம் கொட்டிய இடம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறை படிந்து திரிந்ததை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகும் வருகின்றன. அதனாலேயே யாராவது பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு இவற்றின் மதில் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், காவலுக்கு நிற்பவர் கேட்கும் கேள்விகளுக்குக் கூழைக்கடா என்ற பதில் செல்லாது. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் லென்ஸ். அதைவிடப் பெருக்கம் அதிகமானால் கை ஆட்டமும் சேர்ந்து பெருகும். முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம் என்பேன்.

வீட்டில் இருந்தபடி பார்க்க நினைத்தால் மொட்டைமாடியில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஆழம் இரண்டு அங்குலம் போதும், தினமும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கொசுவுக்குத்தான் வீடு கட்டித் தருகிறீர்கள். காக்கா காய்ந்த ரொட்டியையும் முறுக்கையும் கொண்டு வந்து அதில் நனைத்துத் தின்னும். காசிமேட்டுக்குப் பக்கத்து வீடாக இருந்தால் சட்டியில் மீன் தலையும் கிடக்கும், அதற்குக் கோபப்படாதீர்கள். சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டுவதாக இருந்தால் ஓட்டை ஒன்றேகால் அங்குலம், மைனா நுழைய முடியாது. வெயில் நேராகப் படாத சுவர், பூனை எட்டாத உயரம். மாட்டிய மறுநாளே குருவி வரவில்லை என்று கழற்றிவிட வேண்டாம்.

காக்காக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், இறகு முளைத்திருந்தால் மதில் மேலோ கிளை மேலோ எடுத்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அம்மா பக்கத்திலேயே இருக்கும், உங்கள் தலையில் கொத்தும்போது தெரியும். அக்டோபர் வாக்கில், விடிந்ததும் பால்கனியிலோ மாடிப்படியிலோ குட்டை வாலும் பச்சை முதுகும் அடிவயிற்றில் சிவப்புமாக ஒரு பறவை சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரப் பக்கத்திலிருந்து இரவில் பறந்து வந்து களைத்து இறங்கியிருக்கும். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான மூலையில் விடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிபடாமல் இருந்தால் சாயங்காலம் மரம் அடர்ந்த இடத்தில் விட்டால் போதும், மாதவரம் பால் பண்ணைப் பக்கம் நல்ல இடம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாம்பு வந்தால் தண்ணீர்ப்பாம்புதான் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக் கையில் எடுக்க வேண்டாம், அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையில் சேராது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

எழுதி வைக்க ஒரு நோட்டு போதும். தேதி, இடம், நேரம், என்ன செய்துகொண்டிருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், பெயரை அப்புறம் கண்டுபிடிக்கலாம். போனில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், லாரி ஹாரன் சத்தத்தில் அது தடுமாறும், அதனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஈபேர்ட் செயலியில் பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிவு செய்யலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் மொட்டைமாடியில் நின்று 15 நிமிடம் எண்ணினாலே உங்கள் பட்டியலும் சேர்ந்துவிடும். எண்ண முடியாதவற்றுக்கு எக்ஸ் என்று போட அதில் இடம் உண்டு, காக்கா என்றால் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். அப்படிப் போடாதீர்கள். பத்துக் காக்கா எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த மாதிரி எத்தனை பத்து இருக்கிறது என்று பாருங்கள். தோராயமாக 240 என்று எழுதினாலும் அது எக்ஸைவிட உபயோகமான தகவல்.