தனியாளாகப் பொட்காஸ்ட் நடத்தும் யாழ்ப்பாணத்துச் சிறு வணிகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் கடை, நாற்றுமேடை, கணக்கு அலுவலகம் என்று ஒரு தொழிலைத் தனியாளாக நடத்திக்கொண்டே பொட்காஸ்டும் செய்பவர்களை இப்போது யாழ்ப்பாணத்தில் பார்க்க முடிகிறது. நல்ல விஷயம். ஆனால் இடையில் நின்றுபோனவற்றின் பக்கங்களைத் திறந்தால் அநேகமாக ஒரே கதைதான். முதல் மாதம் வாரம் தவறாமல் எபிசோட் வந்திருக்கும். பிறகு இரண்டு வார இடைவெளி. பிறகு 'வேலைப்பளு காரணமாக' என்று ஒரு அறிவிப்பு. அதோடு சரி.

அவர்களிடம் பேச விஷயம் இல்லாமல் போகவில்லை. கடையில் அவர்கள் ஒரு நாளில் சொல்லும் பதில்களே மூன்று எபிசோடுக்குக் காணும். இரண்டு கையால் முடிந்ததைவிடக் கூடுதலான வாக்கைக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒலி, விருந்தினர், எண்ணிக்கை என்று இந்தக் கட்டுரையில் வரும் மற்றத் தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வாரம் ஒரு மணி நேரம் என்று தொடங்குவது

ஒரு மணி நேரப் பேச்சு ஒரு மணி நேர வேலை அல்ல. ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், கேள்வி தயாரிக்க வேண்டும், பதிய வேண்டும். பதிந்ததை முழுதாக ஒருமுறை கேட்கவே இன்னொரு மணி நேரம். வெட்டி ஒட்டிய பிறகு சரி பார்க்க மறுபடியும் ஒரு மணி நேரம். ஒலி அளவைச் சீராக்கி, தலைப்பும் குறிப்பும் எழுதி, படம் செய்து, ஏற்றி, வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து முடிக்கும்போது ஒரு வேலை நாள் முழுவதும் போய்விடும். சம்பளத்துக்கு ஆள் வைத்த நிறுவனத்துக்கு அது செலவு. தனியாளுக்கு அது கடை பூட்டிய ஒரு நாள்.

15 அல்லது 20 நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். அதைவிட முக்கியம், முடிவில்லாமல் ஓடும் நிகழ்ச்சி என்று சொல்லாமல் ஆறு அல்லது எட்டு எபிசோட் கொண்ட பருவங்களாகப் பிரிப்பது. 'இந்தப் பருவம் எட்டுப் பகுதி, அடுத்தது தை மாதம்' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இடைவெளி கேட்பவருக்கு ஏமாற்றமாக இராது. உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பருவத்தை வைப்பதற்கு நம்மிடம் நல்ல நாட்காட்டி இருக்கிறது. கலியாணப் படம் எடுப்பவருக்கு ஆடியும் மார்கழியும் கை ஓய்ந்த மாதங்கள். பேசிப் பதிவதை அப்போது முடித்து வைத்துக்கொண்டு, வேலை நெருக்கும் ஆவணியிலும் தையிலும் வெளியிட்டுக்கொண்டே போகலாம். விதையும் உரமும் விற்பவருக்கு மாரி மழைக்கு முந்திய புரட்டாதி, ஐப்பசியில் கதைக்கவே நேரம் இராது. அவர் கோடையில் பதிந்து வைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நகரத்துக்குள் கடை வைத்திருப்பவர் புதுப் பதிவு எதுவும் செய்ய முடியும் என்று நினைக்கவே கூடாது.

பதிவைத் தொகுதியாகச் செய்யுங்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் மூன்று எபிசோட் பதியலாம். இன்னொரு நாள் மூன்றையும் வெட்டலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மைக்கை எடுத்து, கணினியைத் திறந்து, மனத்தையும் திருப்பிக்கொண்டிருந்தால் அதிலேயே பாதி நேரம் கரையும். நாலு எபிசோடாவது கையில் தயாராகும்வரை முதலாவதை வெளியிடாமல் பொறுப்பதும் நல்லது. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் முதல் காய்ச்சலிலேயே நிகழ்ச்சி நின்றுபோகாமல் காப்பாற்றுவது இந்தக் கையிருப்புதான்.

இன்னொன்று காணொளி. யாழ்ப்பாணத்தில் சனம் யூடியூப்பில்தான் கேட்கிறது என்பது உண்மை. அதற்காக மூன்று கமரா, விளக்கு, பின்திரை என்று ஒரு ஆள் இறங்குவது அழிவு. ஒரு நிலைப்படத்தோடு அதே ஒலியை யூடியூப்பிலும் போடுங்கள். நன்றாகப் போகிறது என்று தெரிந்த பிறகு ஒரு கமரா சேர்க்கலாம்.

எல்லாருக்கும் பேசுவது

'உலகெங்கும் பரந்து வாழும் எம் தமிழ் உறவுகளே' என்று தொடங்கி, நிகழ்ச்சியின் நோக்கம், அனுசரணையாளருக்கு நன்றி, விருந்தினரின் பட்டங்கள் எல்லாம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம். கேட்க வந்தவர் அதற்குள் போய்விட்டார். முதல் வாக்கியமே விஷயமாக இருக்கட்டும். 'கிணற்றுத் தண்ணீர் உவர் தட்டத் தொடங்கினால் தேசி மரம் என்ன ஆகும்?' என்று ஒரு நாற்றுமேடைக்காரர் தொடங்கினால், குடாநாட்டில் அந்தக் கவலை உள்ள எவரும் காதை எடுக்க மாட்டார்கள்.

தலைப்பும் அப்படியே. 'பகுதி 7: சிறப்பு நேர்காணல்' என்றால் யாருக்கு என்ன தெரியும்? வாடிக்கையாளர் உங்களிடம் கேட்கும் கேள்வியையே தலைப்பாக்குங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, ஆட்கள் கேட்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்து வந்தால் ஒரு வருடத்துக்கான விஷயம் சேர்ந்துவிடும். குறிப்பில் ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுபவர்கள் நிறையப் பேர். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் கருவிகள் யாழ்ப்பாணப் பேச்சில் நிறையவே பிழை விடும். வாசித்துத் திருத்தாமல் அதை அப்படியே போட வேண்டாம்.

பேச்சு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மைக் முன்னால் உட்கார்ந்ததும் செய்தி வாசிப்பாளராகவோ சென்னைத் தொலைக்காட்சித் தொகுப்பாளராகவோ மாறுபவர்கள் உண்டு. கடையில் கதைக்கிற மாதிரியே கதையுங்கள். உங்கள் பேச்சை நம்பித்தான் ஆட்கள் உங்களிடம் வாங்குகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த ஊர்ப் பேச்சே பாதிக் காரணம்.

ஒவ்வொரு எபிசோடும் விளம்பரமாக இருப்பதும் தவறு, உங்கள் தொழில் என்னவென்றே சொல்லாமல் முடிப்பதும் தவறு. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் போதும். 'கேள்வி இருந்தால் இந்த வட்ஸ்அப் எண்ணுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள்' என்பது நான் கேட்டவற்றில் மிகச் சிறந்தது. அடுத்த எபிசோடுக்கான கேள்வியும் வரும், வாடிக்கையாளரும் வருவார். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் உங்கள் கடைக்கு வரமாட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவின் வீட்டு வேலைக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் பணம் அனுப்புபவர் அவர்தான். அங்கிருந்தே எப்படி ஓடர் கொடுக்கலாம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள்.

அறையை விட்டுவிட்டு மைக்கில் காசைக் கொட்டுவது

எங்கள் வீடுகளின் சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் உயரமான கூரையும் வெயிலுக்கு இதம், பதிவுக்குக் கொடுமை. குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கிணற்றுக்குள் பேசுவதுபோல ஒலிக்கும். விலை கூடிய கண்டென்சர் மைக் வாங்கினால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் அது அறையின் எதிரொலியையும் தெரு ஓசையையும் சேர்த்துக் கூர்மையாகப் பிடிக்கும். பதப்படுத்தாத அறைக்கு டைனமிக் வகை மைக்தான் ஏற்றது. வாய்க்கு ஒரு சாணுக்குள் அதை வைத்து, நேரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டாகப் பேச வேண்டும்.

செலவில்லாத அறை எது என்றால், உடுப்பு நிறைந்த அலுமாரி உள்ள சின்னப் படுக்கையறை. அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணத்து வெக்கையில் இது கஷ்டந்தான், அதனால் பத்து நிமிடம் பதிந்து ஐந்து நிமிடம் விசிறியைப் போட்டு, திரும்பப் பதியுங்கள். குறுகிய எபிசோடின் நன்மை இங்கேயும் தெரியும்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலை கோயில் ஒலிபெருக்கியும் காகமும். காலையிலும் மாலையிலும் பாண் ஓட்டோவின் இசை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு ஊர் கொஞ்சம் அடங்கும். யாரும் பேசாத அறையை ஒரு அரை நிமிடம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அந்த வெற்று ஒலி உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதியும்போது ஹெட்போனைக் காதில் வையுங்கள். ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு வயர் இழுபட்டிருந்ததைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

வெட்டுவதற்கு ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதும். ஒலி அளவுக்கு அப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). ஒடாசிட்டியில் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் எல்லா எபிசோடும் ஒரே அளவில் வரும். இதைச் செய்யாத நிகழ்ச்சியைக் கொழும்பு பஸ்ஸில் இருந்து கேட்டுப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தில் பாதி வார்த்தை காணாமல் போகும்.

கோப்பின் பருமனையும் கவனியுங்கள். வெறும் பேச்சுக்கு ஒற்றைத் தடமான மோனோவில் 64 கிலோபிட் எம்.பி.3 தாராளம். 20 நிமிட எபிசோட் அப்போது 10 எம்.பி.க்குள் அடங்கும். அதையே 192 கிலோபிட்டில் ஏற்றினால் ஏறக்குறைய 29 எம்.பி. டேட்டா அட்டை போட்டுக் கேட்பவருக்கு அது காசு.

தொடக்க இசைக்குச் சினிமாப் பாட்டை வெட்டிப் போடாதீர்கள். உரிமைக்காரர் முறையிட்டால் எபிசோடே போகும். இணுவிலிலும் அளவெட்டியிலும் நாதஸ்வரமும் தவிலும் பரம்பரையாக வாசிக்கும் கலைஞர்கள் இருக்கும் ஊர் இது. பத்து விநாடி வாசித்துத் தரச் சொல்லி, உரிய பணம் கொடுத்து, பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வெளிநாட்டு விருந்தினர்

அழைப்பை அப்படியே பதிவது பெரிய தவறு. வட்ஸ்அப்பும் ஸூமும் இணைப்பு பலவீனமாகும்போது குரலை நசுக்கிவிடும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அழைப்பில் கதைத்துக்கொண்டே இருவரும் அவரவர் பக்கத்தில், இன்னொரு போனின் குரல்பதிவுச் செயலியில் பதியுங்கள். தொடக்கத்தில் சேர்ந்து ஒரு கைதட்டல். பிறகு அவர் தன் கோப்பை அனுப்பினால், கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். இங்கே மின்சாரம் நின்று அழைப்பு அறுந்தாலும் பதிந்தது அப்படியே இருக்கும்.

நேரக் கணக்கில் வழுக்குபவர்களும் அதிகம். நாங்கள் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். ரொறன்ரோ கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரையும் ஐந்தரையும். கனடாவும் பிரித்தானியாவும் மாற்றும் நாள்களும் வேறு வேறு: பங்குனியில் வெவ்வேறு ஞாயிறு, பிறகு லண்டன் ஐப்பசிக் கடைசியில், ரொறன்ரோ கார்த்திகைத் தொடக்கத்தில். அழைப்பிதழில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் நிகழ்ச்சி யார் கையில்?

இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை, நட்டமும் இதில்தான் அதிகம். பொட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஆர்.எஸ்.எஸ் முகவரி. உங்கள் எபிசோடுகள் ஒரு ஹோஸ்டிங் சேவையில் இருக்கும், ஸ்பொட்டிஃபை, அப்பிள் போன்ற செயலிகள் அந்த முகவரியைப் பார்த்துப் பட்டியலைக் காட்டும். செயலி வரும், போகும். 2018-இல் வந்த கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. சொந்த முகவரி வைத்திருந்தவர்களின் எபிசோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்பவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள். முகநூலில் மட்டும் போட்டுவிட்டுப் பொட்காஸ்ட் என்று சொல்பவருக்கு அந்த வழி கிடையாது.

அந்த முகவரியின் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். 'செய்து தருகிறேன்' என்று வரும் தம்பியின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, அவர் அடுத்த வருடம் வெளிநாடு போனதும் கடவுச்சொல்லைத் தேடி அலைவது வழமையான கதை. தொழிலின் பெயரில் தனி மின்னஞ்சல், அதில் கணக்கு, உதவிக்கு வருபவருக்குத் தனி அனுமதி என்று தொடங்குங்கள். சேவையை மாற்ற வேண்டி வந்தால் பழைய முகவரி புதியதற்கு 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் முறை) செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய கேட்பவர்கள் எல்லாரும் அறுந்து போவார்கள். இந்த வழிமாற்றத்தை அனுமதிக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். வெட்டாத மூலப் பதிவுகளைக் கணினியிலும் வெளித் தட்டிலும் இரண்டு பிரதியாக வையுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்வது

நூறு டவுன்லோட் வந்தால் நூறு பேர் முழுதாகக் கேட்டார்கள் என்று பொருள் இல்லை. விளம்பரத் துறையின் பொது அளவுகோலின்படி ஒரு நிமிட ஒலி அளவுக்குக் கோப்பு இறங்கினாலே ஒரு டவுன்லோட். 2023-இல் அப்பிள், ஐபோன் மென்பொருளான ஐ.ஓ.எஸ் 17-இல் எபிசோடுகளைத் தானாக இறக்கும் முறையை மாற்றியபோது, கேட்பவர் குறையாமலே பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை குறைந்தது. அப்படிப்பட்ட எண்ணை வைத்து உங்களை எடை போடாதீர்கள்.

கணக்கு அலுவலகம் நடத்துபவருக்கு மாதம் இரண்டு புதிய வாடிக்கையாளர் பொட்காஸ்ட் கேட்டு வந்தால் அது பெரிய வெற்றி, கேட்டவர் எண்பது பேர் என்றாலும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்று கேட்டு பில் கொப்பியில் எழுதுங்கள். பயனுள்ள புள்ளிவிவரம் அது. அதோடு, எந்த எபிசோடை ஆட்கள் எத்தனையாவது நிமிடத்தில் விட்டுப் போகிறார்கள் என்பதை ஸ்பொட்டிஃபை, யூடியூப் இரண்டும் காட்டும். பலர் ஒரே இடத்தில் போயிருந்தால் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

வருமானம் கொஞ்சம் வரத் தொடங்கியதும் எதை முதலில் பிறரிடம் கொடுப்பது என்பதிலும் பிழை விடுகிறார்கள். கேள்வி தயாரிப்பதையும் வாடிக்கையாளர் குரல் பதிவுக்குப் பதில் சொல்வதையும் கொடுத்துவிட்டு, வெட்டுவதைத் தாங்களே வைத்துக்கொண்டு இரவில் கண்விழிப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். வெட்டுவதையும் ஏற்றுவதையும் கணினி தெரிந்த ஒரு மாணவருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கலாம். எங்கே வெட்டுவது, ஒலி எந்த அளவு, கோப்புக்கு என்ன பெயர் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் இரண்டாவது எபிசோடிலிருந்தே அவர் தனியாகச் செய்வார். வாடிக்கையாளரின் கேள்விக்கான பதில் மட்டும் உங்கள் வாயால் வரட்டும்.