சமையலறை கிடைக்கும் வரை வெளிச்சாப்பாடு

புது ஊரில் வந்து இறங்கிய முதல் சில வாரங்களில் வீடு அமைந்திருக்காது, அடுப்பு இருக்காது. காலையில் ஓர் அலுவலகம், மதியம் வீடு பார்க்க இன்னொரு தெரு என்று அலைச்சல்தான். பசி முற்றிய பிறகு கண்ணில் பட்டதை வாங்கி நின்றபடியே விழுங்கும் பழக்கம் அப்போதுதான் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அடுத்த வேளை என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை, பசிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

விடுதி அறையில் ஒரு கெட்டிலும் சின்ன ஃபிரிட்ஜும் இருந்தாலே காலைச் சாப்பாடு முடிந்தது. வெந்நீர் ஊற்றிய ஓட்ஸ், இனிப்பு சேர்க்காத தயிர், பழம், கடையில் வேகவைத்தே விற்கும் முட்டை போதும். டப்பாவில் வரும் பயறு, பீன்ஸ் வகைகளை அந்தத் தண்ணீரை வடித்து அலசினால் உப்பு ஓரளவு குறையும். வெளியே கிளம்பும்போது பையில் உப்பில்லாத கடலை ஒரு கைப்பிடி, ஓர் ஆப்பிள், தண்ணீர் பாட்டில்.

கடையில் பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும். முதல் இரண்டு மூன்றுக்குள் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம், எண்கள் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். ஒரே பாக்கெட்டை இரண்டு மூன்று பரிமாறலாகக் கணக்குக் காட்டுவது சகஜம். சில நாடுகளில் உப்பு என்று போடுவார்கள், சில இடங்களில் சோடியம். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோப்பையில் வரும் உடனடி நூடுல்ஸ் பலவற்றில் ஒன்றைத் தின்றாலே அதில் பாதி போய்விடும்.

பானங்களைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். 500 மில்லி கோலாவில் ஏறக்குறைய 53 கிராம் சர்க்கரை, அதாவது பதின்மூன்று தேக்கரண்டி. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்சவரம்பே 50 கிராம்தான். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஹோட்டலில் மெனு புரியாவிட்டால் உணவின் பெயரை விட்டுவிட்டு, எப்படிச் சமைத்தது என்று பாருங்கள். ஆவியில் வெந்தது, சுட்டது என்றால் சரி. கிரிஸ்பி, கிரீமி என்றால் எண்ணெயோ வெண்ணெயோ உள்ளே இருக்கிறது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. சாலட் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது. மேலே பொரித்த கோழியும் சீஸும் போட்டு, கெட்டி சாஸும் ஊற்றினால் பர்கரையே தின்றிருக்கலாம். சாஸைத் தனியாகக் கேளுங்கள், வறுவலுக்குப் பதில் காய்கறி தர முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், தினமும் பலர் கேட்பதுதான். சைவம் சாப்பிடுபவர்கள் சூப் எந்தச் சாற்றில் கொதித்தது என்றும் விசாரிக்க வேண்டும். காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கலாம்.

தட்டு பெரிதாக இருந்தால் பாதியை ஆரம்பத்திலேயே பார்சல் கட்டிவிடுங்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். சோற்றில் இது முக்கியம்: வெந்த பிறகும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அறைச் சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

விமானப் பயணம் என்றால் நீரிழிவு உணவு, சைவ உணவு போன்றவற்றைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. தயிரும் ஜாமும் பல விமான நிலையங்களில் திரவக் கணக்கில் சேரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். மிச்சமான பழத்தை இறங்கும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பல நாடுகளில் சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம்.

இன்சுலின் போடுபவர்கள் நேர மண்டலம் மாறும்போது வேளைகளை எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் போகிற ஊரின் மொழியில் ஒரு சீட்டில் எழுதி, பணப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவரிடம் கொடுத்தால் அதை அப்படியே சமையல்காரரிடம் காட்டிவிடுவார்.