டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. சேரலாமா? கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன வருடம் என் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தபோது, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 16,000 ரூபாய் சம்பளத்தில் வேலை தயாராக இருந்தது. அதே நேரம் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. இடமும் கிடைத்தது. கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. தொகைகள் எங்கள் வீட்டுடையவை, உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. மொத்தச் செலவு

கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் சேர்த்து, கையில் இருப்பது போக வருடத்துக்கு 1 லட்சம் கடன் தேவைப்பட்டது. மூன்று வருடத்துக்கு 3 லட்சம். கவுன்சிலிங்கில் சேர்பவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டா என்று முதலில் பாருங்கள். வீட்டில் நான் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டதால் தம்பிக்கு அது கிடைக்கவில்லை.

2. தவணை தொடங்கும் நாளில் எவ்வளவு கடன் நிற்கும்?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றதும் வட்டியும் கிடையாது என்று நினைத்துவிட்டேன். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்தக் காலம் முழுக்கத் தனி வட்டி போட்டு, கடைசியில் அசலோடு சேர்த்துவிடுவார்கள்.

10% வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு 4 வருட வட்டி, இரண்டாவதற்கு 3 வருடம், மூன்றாவதற்கு 2 வருடம். 40,000 + 30,000 + 20,000 = 90,000. ஆக, தவணை தொடங்கும்போது கடன் 3 லட்சம் இல்லை, 3.9 லட்சம்.

3. மாதத் தவணை

கடன் விற்கும் தளங்களில் இருக்கும் கால்குலேட்டர்களை நான் நம்புவதில்லை. பலவற்றில் இந்த இடைக்கால வட்டியைச் சேர்க்க இடமே இல்லை. கூகுள் ஷீட்டில் மாதத் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) ஃபார்முலா போதும். வட்டி, மாத எண்ணிக்கை, கடன் என்ற வரிசையில் கொடுங்கள். வட்டியை 12-ஆல் வகுத்துப் போட வேண்டும். விடை மைனஸில் வந்தால் பதற வேண்டாம், அது அப்படித்தான் வரும்.

3 லட்சத்துக்கு 10 வருடத் தவணை 3,965. 3.9 லட்சத்துக்கு 5,154. பதினைந்து வருடமாக இழுத்தால் 4,191-தான், ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 1.36 லட்சம் அதிகம் கட்டுவோம்.

4. உண்மையில் கைக்கு வரும் சம்பளம்

கல்லூரி விளம்பரப் பலகையில் இருக்கும் அதிகபட்ச சம்பளம் நமக்கு உதவாது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) கல்லூரித் தரவரிசைக்குக் கொடுத்த விவரங்களைக் கல்லூரி தன் தளத்தில் போட்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (வரிசையில் நடுவில் இருப்பவர் வாங்குவது) என்ன என்று மூன்றும் ஒரே அட்டவணையில் இருக்கும். அந்தச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். 100 பேரில் 40 பேருக்குத்தான் வேலை என்றால் அதற்கேற்ப எடை போடுங்கள்.

அப்புறம் ஒரு சீனியரின் ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்தேன். வருடம் 3.6 லட்சம், அதாவது மாதம் 30,000. அதில் 3,000 வேலைத்திறனைப் பொறுத்து வருட முடிவில் தருவது. அடிப்படைச் சம்பளம் 15,000. அதற்கு நிறுவனத்தின் பிஎஃப் 1,800, நம் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 720. இவை மூன்றும் அந்த 30,000-க்குள்ளேயே அடக்கம். மாதா மாதம் கைக்கு வருவது 22,700-க்குள்.

5. படிக்காமல் போயிருந்தால்?

பலரும் இதைப் போடுவதே இல்லை. டிப்ளமோ வேலையில் மூன்று வருடச் சம்பளம் 5.76 லட்சம். அதை விட்டுவிட்டுத்தான் படிக்கப் போகிறோம். அங்கே மூன்று வருடத்தில் 20,000 ஆகும் என்று தம்பியின் நண்பர்கள் சொன்னார்கள். பி.இ. முடித்தவனுக்குத் தவணை போக மிஞ்சுவது 17,500. சமமாக வரவே கையில் 25,000-க்கு மேல் சம்பளம் வேண்டும். ஐந்தாறு வருடத்தில் சம்பளம் நன்றாக ஏறும் துறையா என்பதுதான் அப்புறம் கேள்வி. வெறும் பட்டத்துக்காக என்றால் நான் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ. கோவை, சேலம் போன்ற ஊர்களில் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

தம்பிக்கு டிசைன் வேலைதான் வேண்டும். டிப்ளமோவோடு அதில் நுழைவது கஷ்டம் என்பதால் சேர்ந்துவிட்டான். வட்டி அசலில் ஏறாமல் இருக்க நான் மாதா மாதம் கட்டுகிறேன். முதல் வருடம் மாதம் 833. இரண்டாவது லட்சம் வந்துவிட்டது, இந்த மாதத்திலிருந்து 1,667.

பின்சேர்க்கை: வட்டி மானியம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரம் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதில் வந்தால் மேலே சொன்ன 90,000 உங்கள் கணக்கில் வராது. வருமானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் விண்ணப்பிக்கும் அன்றே வங்கியில் கேட்டுவிடுங்கள்.